கோப்பிக் காட்டிலிருந்து வந்த நடைப்பிணம்

பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், ஓராண்டு இடைவெளியில் இரண்டு நூல்கள் வெளியாயின. ஒன்று 1797இல் பிலடெல்பியாவில் அச்சானது. எழுதியவர் மொரோ த சென் மெரி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். மற்றது 1798இல் இலண்டனில் வெளிவந்தது. எழுதியவர் லபோரி என்ற கோப்பித் தோட்டக்காரர். இருவரும் கரீபியக் கடலில் பிரான்ஸ் வைத்திருந்த சென் டொமாங் என்ற குடியேற்றத்தில் வாழ்ந்தவர்கள். இன்று நாம் ஹெய்ட்டி என்று அழைக்கும் நாடு அது. நூல்கள் வெளியானபோது இருவருமே அங்கு இல்லை. 1791 ஓகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு அந்தத் தீவு பழைய எசமானர்களின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

முதல் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் 'ஸொம்பி' என்ற சொல் இருக்கிறது. ஆவி, திரும்பி வருபவன் என்று மொரோ பொருள் சொல்கிறார். இரண்டாவது நூல் கோப்பிச் செடியை எப்படி நடுவது, எப்படிக் கிளை கழிப்பது, பழத்தை எப்படிக் காயவைப்பது என்பதோடு அடிமைகளை எவ்வாறு வைத்து வேலை வாங்குவது என்பதையும் கற்பிக்கிறது. முதல் நூலில் பதிவான சொல் ஏறத்தாழ இருநூறாண்டுகள் அலைந்து திரைப்படமாகி, சித்திரக்கதையாகி, கடைசியில் கணினி விளையாட்டாகவும் ஆனது. இரண்டாவது நூல் நேராக இலங்கைக்கு வந்தது. கண்டி மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி போட்ட வெள்ளைத் துரைமார்கள் கையில் வைத்திருந்த வழிகாட்டி லபோரியின் அந்த நூல்தான்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. சென் டொமாங் ஒரு காலத்தில் உலகக் கோப்பியில் பாதியளவை விளைவித்த இடம். அங்கு ஏறக்குறைய ஐந்து இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். கிளர்ச்சியோடு அந்த விளைச்சல் சரிந்தது. பின்னர் 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது ஜமெய்க்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பியும் சரிந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தில் நிற்க விரும்பவில்லை, அவ்வளவுதான். 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே சுங்கவரி என்றானது. 1837இல் ஜமெய்க்காவில் தொழில் பழகிய ரொபர்ட் பொய்ட் டைட்லர் இலங்கைக்கு வந்து மேற்கிந்திய முறைப் பயிர்ச்செய்கையைப் புகுத்தினார். அடுத்த பத்தாண்டுகளில் மலையகத்தில் நடந்தது கோப்பிக்கான நிலவேட்டை.

செடி வந்தது, நூல் வந்தது, முறையும் வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பகுதிகளின் பஞ்சம்பட்ட கிராமங்களிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

இந்தக் கட்டுரை ஒரு கணினி விளையாட்டைப் பற்றியது. அங்கு போவதற்கு முன் ஸொம்பியின் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்த ஸொம்பி மனித மாமிசம் தின்னும், கடித்தால் கடிபட்டவரும் ஸொம்பியாவார், கூட்டங்கூட்டமாக அலையும். ஹெய்ட்டி மக்களின் ஸொம்பி இப்படிப்பட்டதன்று. அது எவரையும் கடிக்காது. இறந்தவனைப் புதைகுழியிலிருந்து எழுப்பிக்கொண்டு போய் ஒருவன் தன் வயலில் வேலை வாங்குவான். எழுப்பப்பட்டவனுக்கு நினைவில்லை, பெயரில்லை, கூலியில்லை. கரும்பு வெட்டுவான், மூட்டை சுமப்பான். ஹெய்ட்டி மக்கள் அஞ்சியது ஸொம்பிக்கு அல்ல, தாம் ஸொம்பி ஆக்கப்பட்டுவிடுவோமோ என்பதற்கு. அடிமைக்கு மரணம் ஒன்றுதான் விடுதலை. அந்த மரணத்தையும் எசமான் பறித்துக்கொண்டால் என்ன செய்வது? தோட்டத்தில் பிறந்த அச்சம் இது. வேறெங்கும் பிறந்திருக்க முடியாது.

இந்த ஸொம்பியை வெளியுலகுக்குப் பரப்பியவர் வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். அமெரிக்கா ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில் (1915–1934) அங்கு சென்று, 1929இல் 'மந்திரத் தீவு' என்று பொருள்படும் நூலை எழுதினார். நிறைய மிகைப்படுத்தியவர், அவரை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் அவர் கேட்டு எழுதிய கதை ஒன்று மலையகத்தாருக்கு அந்நியமாக இராது. ஹஸ்கோ என்ற அமெரிக்கச் சீனிக் கம்பெனி கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறது. ஒரு நாள் காலையில் ஜோசப் என்ற கிழவன் கந்தல் உடுத்திய ஒரு கூட்டத்தை வரிசையாக அழைத்து வருகிறான். இவர்கள் மலைக்கு அப்பாலுள்ளவர்கள், இவர்களுக்குப் பாஷை புரியாது, கூட்டத்தைக் கண்டால் மிரள்வார்கள், தனியே தூரத்து வயலைக் கொடுங்கள் என்கிறான். அவர்கள் நாள் முழுவதும் வெட்டுகிறார்கள். சனிக்கிழமை எல்லாருடைய கூலியையும் ஜோசப்பே வாங்கிக்கொள்கிறான். அவர்கள் இறந்தவர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அக்கறையில்லை. ஒரு நாள் ஜோசப்பின் மனைவி இரக்கப்பட்டு உப்புச் சேர்ந்த இனிப்பை அவர்களுக்குத் தின்னக் கொடுத்துவிடுகிறாள். உப்பு நாவில் பட்டதும் தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்கு நினைவு வருகிறது. எவர் தடுத்தும் நில்லாமல் மலையேறித் தத்தம் ஊர் இடுகாட்டுக்குப் போய் மண்ணைத் தோண்டிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வது நம் வழக்கு. ஹெய்ட்டியில் உப்பு அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

ஜோசப்பை நாம் அறிவோம். அவன் பெரிய கங்காணி. ஊரிலிருந்து ஆள் கூட்டி வருபவரும் அவர்தான், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நிற்பவரும் அவர்தான். கோப்பிக் காலத்தில் தோட்டங்களில் கூலி அவர் கை வழியே போயிற்று. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தனியே காசு கிடைத்தது. வழிச்செலவு, அரிசி, முன்பணம் என்று தொழிலாளியின் பெயரில் கடன் ஏறும். அதனை எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் மாறும். ஆள் மாறினாலும் கடன் கூடவே வரும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

மலையகத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். கணக்கப்பிள்ளை பேர் போட்டால்தான் அன்று அந்த மனிதர் இருந்ததாகக் கணக்கு. வேலை நீக்கினால் பேர் வெட்டினார்கள் என்பார்கள். மனிதனின் பெயரை அரையாகப் பிரிக்கவும் முழுதாக வெட்டவும் கூடிய ஓர் ஏற்பாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு சொல் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

ஹெய்ட்டித் தோட்டம் ஸொம்பியைப் பிறப்பித்ததுபோல நமது தோட்டங்களும் தமக்கென்று சில தெய்வங்களைப் பிறப்பித்தன. தேயிலை ஆலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனி அவற்றில் ஒன்று. கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு ஒரு முனியை வைத்துச் சேவல் அறுத்தார்கள். வேலைத்தலத்தின் அச்சம் அங்கு பிணமாக எழுந்தது, இங்கு சாமியாக உட்கார்ந்தது. நடைப்பிணம் என்ற சொல் மட்டும் நம்மிடம் பழையது. உயிர் இருந்தும் வாழ்வில்லாதவனை அப்படிச் சொல்வோம்.

ஸொம்பி பிறகு கைமாறியது. 1932இல் வந்த 'வைட் ஸொம்பி' திரைப்படத்தில் கரும்பாலைக்குள் இறந்தவர்கள் செக்குச் சுற்றுகிறார்கள். அதுவரை மூலக் கதையின் வாசனை இருந்தது. 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த படத்தோடு தோட்டமும் எசமானும் மறைந்தார்கள், பிணங்கள் மாமிசம் தின்னத் தொடங்கின. வேலியின் அந்தப் பக்கம் பசித்த கூட்டம், இந்தப் பக்கம் நாம் என்றானது கதை. நாம் யார் என்ற கேள்வி எழவேயில்லை. 2003இல் ரொபர்ட் கேர்க்மன் எழுதத் தொடங்கிய 'த வோக்கிங் டெட்' சித்திரக்கதை அந்த வழியில் வந்தது. 2010இல் தொலைக்காட்சித் தொடரானது. தமிழிலும் 2016இல் 'மிருதன்' வந்தது. தமிழ் சினிமா தன் ஸொம்பிகளை முதலில் அலையவிட்ட இடம் உதகமண்டலம், அதாவது மீண்டும் ஒரு தேயிலை மலை. எடுத்தவர்கள் குளிரையும் மூடுபனியையும் நினைத்திருப்பார்கள்.

2012இல் டெல்டேல் கேம்ஸ் என்ற கலிபோர்னிய நிறுவனம் அதே சித்திரக்கதை உலகில் ஒரு கணினி விளையாட்டைச் செய்தது. ஐந்து அத்தியாயங்கள். சுட்டுத் தள்ளுவது இதில் குறைவு; பேசுவதும் முடிவெடுப்பதும் அதிகம். நாயகன் லீ எவரெட், கறுப்பினத்தவர், ஜோர்ஜியாவில் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர், ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டுப் பொலிஸ் வாகனத்தில் கொண்டுசெல்லப்படுகிறார். ஊரெங்கும் பிணங்கள் எழுந்துவிட, பெற்றோர் அருகில் இல்லாத கிளெமென்டைன் என்ற சிறுமியை அவர் காக்க நேர்கிறது. ஜோர்ஜியா பருத்தித் தோட்டங்களின் மண். அந்த மண்ணில் ஒரு கறுப்பின வரலாற்றாசிரியனை நடைப்பிணங்களின் நடுவே நிறுத்தியவர்கள் தெரிந்து செய்தார்களா என்பது இருக்கட்டும், பொருத்தம் பெரிது.

விளையாட்டின் உயிர் அதன் தேர்வுகளில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இருவர் ஆபத்தில் சிக்குவார்கள், யாரைக் காப்பாற்றுவது? யோசிக்கச் சில விநாடிகளே தரப்படும். பேசாதிருந்தாலும் அதுவும் ஒரு பதிலாகக் கொள்ளப்படும். நீங்கள் சொன்னதை இன்னார் நினைவில் வைத்திருப்பார் என்று திரையில் ஒரு வரி தோன்றும். இரண்டாம் அத்தியாயத்தில் லீயின் கையில் நான்கு துண்டு உணவு கொடுக்கப்படுகிறது. பசித்திருப்பவர்களோ அதைவிட மிகப் பலர். யாருக்குக் கொடுப்பது? அத்தியாயம் முடிந்ததும் உலகெங்கும் விளையாடியவர்களில் எத்தனை வீதத்தினர் உங்களைப்போல் முடிவெடுத்தார்கள் என்று கணக்கும் காட்டுவார்கள்.

இனி விளையாடியிராதவர்கள் பொறுத்தருள வேண்டும், முடிவைச் சொல்லப்போகிறேன். முதல் அத்தியாயத்தில் கார்லியைக் காப்பாற்றினாலும் டக்கைக் காப்பாற்றினாலும் பிழைத்தவர் மூன்றாம் அத்தியாயத்தில் இறப்பார். நான்காம் அத்தியாயத்தின் இறுதியில் லீ கடிபடுவார். கையை வெட்டிக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அவருக்கு மீட்சியில்லை. தேர்வுகள் வெறும் தோற்றம், முடிவு முன்பே எழுதப்பட்டது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். நான் அதைக் குறையாகக் காணவில்லை. வேறு எந்த விளையாட்டையும்விட இது சரித்திரத்துக்கு நெருங்கி வந்தது அந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

மலையகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வு வழியிலேயே வந்தது. கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள் மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். காடு, மலேரியா, வாந்திபேதி, நல்ல தண்ணீரில்லாமை. கூட்டத்தை விட்டுப் பிரிந்தவன் பிழைப்பது அரிது. நோயில் விழுந்த ஒருவருக்காக எல்லாரும் நிற்பதா, அவரை மரத்தடியில் கிடத்திவிட்டு நடப்பதா? பலர் கிடத்தப்பட்டார்கள். 1840களில் மட்டும் 70,000 பேர் வரை மாண்டார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்தக் கணக்கு மிகை என்று பிற்காலத்து ஆய்வாளர் சிலர் மறுத்திருக்கிறார்கள். பாதையில் பிணங்கள் கிடந்ததை எவரும் மறுக்கவில்லை. தேயிலைத் தூரின் கீழே தமிழனின் எலும்பு கிடக்கிறது என்று மலையகக் கவிஞர்கள் பாடும்போது அதனை வெறும் உருவகம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2023இல் மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவையொட்டி 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பினர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடித்தார்கள்.

1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை மலையெங்கும் பரவியது. செடி மாறியது, லயமும் பிரட்டுக்களமும் மாறவில்லை.

இரண்டாவது பெரிய தேர்வு 1949இல் வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றிருந்தது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே வீச்சில் நாடற்றவர்களானார்கள். அடுத்து வாக்காளர் இடாப்பிலிருந்து பேர் வெட்டப்பட்டது. தோட்டத்துச் செக்றோலில் பேர் இருந்தது. காலை ஆறு மணிக்குத் தப்பு அடித்தால் மலை ஏற வேண்டும். சட்டத்தில் மட்டும் அவர்கள் இல்லை. ஹெய்ட்டியின் கிழவன் ஜோசப் அழைத்து வந்த கூட்டத்துக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குச் சில சமயம் தோன்றியதுண்டு. இவர்கள் உப்பை மறக்கவில்லை என்பது ஒன்று. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் நடந்த சத்தியாக்கிரகம் அதற்குச் சான்று.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்கலாம் என்றது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வாழ்ந்ததை எழுத்தால் நிறுவ வேண்டும். லயத்து அறையில் பிறந்தவரிடம் எழுத்து எங்கே இருக்கும்? விண்ணப்பித்தால் அநீதியான சட்டத்தை ஏற்றதாகும். விண்ணப்பிக்காவிட்டால் வாசல் மூடும். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி, கடைசி மாதங்களில் மலையெங்கும் விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. இந்த விளையாட்டில் திரையின் அடியில் சுருங்கிக்கொண்டே போகும் நேரக்கோடு ஒன்று உண்டு. 1951 ஓகஸ்ட் 5 என்ற கடைசித் தேதி மலையகத்தின் நேரக்கோடு. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக. இறுதியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

மூன்றாவது தேர்வுதான் குடும்பங்களைப் பிளந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை உரிமை கொடுக்கும், மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மலையக மக்களின் பிரதிநிதி எவரும் கையெழுத்திடவில்லை. ஆனால் மக்கள் 'தேர்ந்தெடுக்க' வேண்டும் என்றார்கள்: இந்தியாவா, இலங்கையா?

எண்ணிக்கை முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். மக்கள் எதைத் தேர்ந்தாலும் இத்தனை பேர் போக வேண்டும். விண்ணப்பங்கள் முடிந்தபோது இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கிய தொகையைவிடக் குறைவு. இலங்கையைக் கேட்டவர்கள் ஒதுக்கியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் இலங்கை கேட்டு மறுக்கப்பட்டவர்கள் இந்தியாவுக்கே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தாய் ஒரு பட்டியலில், மணமான மகள் இன்னொன்றில். 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்து, பட்டினியால் மக்கள் செத்தபோது, இருக்கிறேன் என்றவர்கள் பலரும் போகிறேன் என்றார்கள். நான்கு துண்டு உணவைப் பங்கிடும் அத்தியாயத்தை எழுதிய கலிபோர்னியருக்கு அந்த ஆண்டுகளின் அரிசிக் கூப்பனைக் காட்டியிருக்கலாம்.

கப்பலின் கதை இன்னும் விசித்திரமானது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு மாதமும் ஆகாமல், 1964 டிசம்பர் 22–23 புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போய்விட்டது. பின்னர் போனவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாகச் சிதறினார்கள். நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், அரசு தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தவர்கள் பலர். இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். மலையகத்தின் மூத்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தம் நாவலுக்கு 'காலங்கள் சாவதில்லை' என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பு நினைவுக்கு வராமல் இதனை எழுத முடியவில்லை.

டெல்டேல் 2018 செப்டம்பரில் பாதி வேலையோடு கதவை மூடியது. கிளெமென்டைனின் கடைசிப் பாகத்தை வேறொரு நிறுவனம் 2019இல் முடித்துக் கொடுத்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கதை நடுவழியில் நின்றுவிட்டதென்று அதுவரை கொதித்தார்கள்.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் போர்ச் சூழலில் நின்றது. அப்போது இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, சாமான்களைக் கட்டிவைத்து, முறைக்காகக் காத்திருந்தவர்கள் எண்பதாயிரத்துக்கு மேல். அட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் அவர்கள் வேற்று நாட்டுக் குடிமக்களாகவே மலையேறிக் கொழுந்து பறித்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், குறித்த ஒரு நாளிலிருந்து இலங்கையில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழிவந்தோருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை உண்டு என்றது. சட்டம் குறித்த அந்த நாள் 1964 ஒக்டோபர் 30.